அழுமூஞ்சிப் பையன் நல்லவனா, கெட்டவனா?

ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டுச் சிலர் "சுத்த அபத்தம்!" என்பார்கள். வேறு சிலர் "அருமையான படம்!" என்பார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால், "சுத்த அபத்தம்! அதனால்தான் அருமை!" என்று ஒரே மூச்சில் சொல்லுகிறவர்களை நீங்கள் கண்டதுண்டா?

அப்படிப்பட்ட ரசிகர்களைப் பெற்ற படம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் "கிரை பேபி". நம் பேச்சில் சொல்வதானால், "அழுமூஞ்சி".

1990-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் படம் திரைக்கு வந்தது. அதில் காதல் உண்டு. பாட்டு உண்டு. டான்ஸ் உண்டு. அடிதடி உண்டு. சிறைச்சாலை உண்டு. கார்ப் பந்தயமும் உண்டு. படம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் அதைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை.

இதை வெறும் சினிமாப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தலைமயிரை வளர்த்து, எண்ணெய் தடவி, தோல் கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற பையன் கெட்டவன்தானா? இந்தக் கேள்விதான் படத்தின் அடியில் கிடக்கிறது. பிள்ளை பெற்ற ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி இது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதை என்ன?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்று ஒரு பெரிய நகரம். துறைமுகப் பட்டணம். தொழிலாளர் நிறைந்த ஊர். கதை நடப்பது 1954-ம் ஆண்டில்.

அந்த ஊர் இளைஞர்களில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டிக்கு "ஸ்கொயர்" என்று பெயர். வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்து வாரிய தலை, பெரியவர்களைக் கண்டால் மரியாதைப் பேச்சு. எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொரு கோஷ்டிக்கு "டிரேப்" என்று பெயர். பால்டிமோரில் அந்தக் காலத்தில் உண்மையாகவே வழங்கிய பெயர் இது. தோல் கோட்டு, எண்ணெய் வழியும் தலை, உதட்டில் சிகரெட்டு. எல்லாரும் ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள்.

டிரேப் கோஷ்டியின் தலைவன் வேட் வாக்கர். இவனுக்குத்தான் "அழுமூஞ்சி" என்று பட்டப் பெயர். இவன் ஒரு கண்ணில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவான். அதைக் கண்டால் பெண்கள் மயங்கிப் போவார்கள்!

ஸ்கொயர் கோஷ்டியைச் சேர்ந்த பெண் அல்லிசன். தாய் தந்தை இல்லாதவள். பாட்டி வளர்த்த செல்லப் பேத்தி. பாட்டி சாதாரணமானவள் அல்ல. பெண்களுக்கு நடை, உடை, நாகரிகம் கற்றுத் தரும் பள்ளியை நடத்தும் சீமாட்டி.

படத்தின் தொடக்கமே வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு வரிசையாக ஊசி போடுகிறார்கள். இளம்பிள்ளை வாதத்துக்கான தடுப்பூசி. ஊசி குத்தும்போது அழுமூஞ்சியும் அல்லிசனும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். இருவர் கண்ணிலும் ஒரு சொட்டு நீர். காதல் பிறந்துவிட்டது!

1954-ம் ஆண்டை இந்த ஊசி நன்றாக நினைவூட்டுகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலுமாகச் சுமார் 18 லட்சம் பிள்ளைகள் அந்தச் சோதனையில் பங்கு பெற்றார்கள். ஊரே பயந்து கிடந்த காலம் அது.

யார் வம்புக்குப் போனது?

அல்லிசனைக் கலியாணம் செய்துகொள்ள ஸ்கொயர் கோஷ்டியில் ஒருவன் காத்திருக்கிறான். பெயர் பால்ட்வின். அவள் அழுமூஞ்சியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறாள். பால்ட்வினுக்குப் பொறுக்குமா?

டிரேப் கூட்டம் பாடி ஆடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அவன் தன் ஆட்களோடு போகிறான். கலகம் செய்கிறான். அடிதடி நடக்கிறது. போலீசார் வருகிறார்கள்.

யாரைப் பிடிக்கிறார்கள்? கலகத்தைத் தொடங்கிய வெள்ளைச் சட்டைக்காரர்களையா? அதுதான் இல்லை. தோல் கோட்டுக்காரர்களைப் பிடிக்கிறார்கள்!

நீதிபதி அழுமூஞ்சிக்குத் தண்டனை கொடுக்கிறார். 21 வயது ஆகும்வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைத்துவைக்க உத்தரவு.

வாசகர்கள் இந்த இடத்தை மறக்கவேண்டாம். படம் முழுவதும் தமாஷ்தான். ஆனால் இந்த ஒரு காட்சி தமாஷ் மாதிரித் தோன்றும் நிஜம். சட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எந்த நாட்டில் இல்லை?

அப்புறம் பாட்டு, டான்ஸ், தப்பி ஓடும் முயற்சி எல்லாம் வருகின்றன. அழுமூஞ்சி சாக்கடை வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். பாவம், சுற்றிச் சுற்றிச் சிறைக்குள்ளேயே வந்து சேருகிறான்! கடைசியில் அல்லிசன் சிறை வாசலில் நின்று பாட்டுப் பாடி அவனை விடுவிக்கிறாள். பிறகு பால்ட்வினுக்கும் அவனுக்கும் கார்ப் பந்தயம். பால்ட்வின் பயந்து ஒதுங்கிவிடுகிறான். அழுமூஞ்சி வெல்லுகிறான்.

எடுத்தவர் யார்?

படத்தின் டைரக்டர் ஜான் வாட்டர்ஸ். 1946-ல் பால்டிமோரில் பிறந்தவர். கதை நடக்கும் 1954-ல் அவருக்கு வயது 8. அந்த வயதில் வேலிக்கு இப்பால் நின்று அண்ணன்மார்களை வேடிக்கை பார்த்த பையனின் வியப்பு இந்தப் படத்தில் தெரிகிறது.

ஆரம்ப காலத்தில் இவர் குறைந்த பணத்தில் எடுத்த படங்கள் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைத்தன. 1972-ல் வெளிவந்த "பிங்க் பிளமிங்கோஸ்" அப்படிப்பட்டது. அது வீட்டாரோடு பார்க்கத் தக்கதல்ல. பிறகு 1988-ல் "ஹேர்ஸ்பிரே" என்ற படத்தை எடுத்தார். அது எல்லாரும் பார்க்கும் படமாக அமைந்தது. அதற்கு அடுத்ததுதான் "அழுமூஞ்சி".

கதாநாயகன் ஜானி டெப். அப்போது அவர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் போலீஸ்காரராக நடித்து வந்தார். பள்ளிக்கூடப் பெண்கள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த காலம். அந்த அழகன் பட்டம் அவருக்கே அலுத்துப் போயிருந்தது. அழகனைக் கேலி செய்யும் வேஷம் கிடைத்தது. துள்ளிக் குதித்து ஏற்றுக்கொண்டார். அதே 1990-ம் ஆண்டின் முடிவில் வந்த "எட்வர்ட் சிசர்ஹாண்ட்ஸ்" அவரைப் பெரிய நடிகர் ஆக்கியது.

கதாநாயகி எமி லொக்கேன். படத்தில் இருவருக்கும் பின்னணிக் குரல். அவருக்காகப் பாடியவர் ஜேம்ஸ் இன்ட்வெல்டு. அவளுக்காகப் பாடியவர் ரேச்சல் ஸ்வீட். பின்னணிப் பாட்டு நமக்குப் பழகிய சங்கதி. வாயசைப்பு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் நாம் பார்ப்போம். ஒட்டித்தான் இருக்கிறது.

"இது என்ன கூத்து?"

இனி, பார்த்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்போம்.

முதல் கட்சியார் சொல்வது இது: "எல்லாம் அதிகம். அழுகை அதிகம். கத்தல் அதிகம். முகச் சேஷ்டை அதிகம். உலகத்தில் எந்தப் பையன் இப்படி ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவான்? எந்தப் பெண்ணின் தாயும் தகப்பனும் தனித் தனி விமானத்தில் போயும் இரண்டு விமானமும் ஒரே நாளில் விழும்?"

ஆமாம். அல்லிசனின் பெற்றோர் இறந்த கதை அதுதான். மகள் அநாதை ஆகிவிடக்கூடாது என்று ஜாக்கிரதையாகத் தனித் தனி விமானத்தில் ஏறுவார்களாம். ஒரு நாள் இரண்டும் விழுந்துவிட்டனவாம்! அழுமூஞ்சியின் கதை இன்னும் மோசம். அவன் தகப்பன் ஆங்கில எழுத்து வரிசைப்படி இடம் தேடிக் குண்டு வைத்தவனாம். தகப்பனும் தாயும் மின்சார நாற்காலியில் மாண்டார்களாம்.

சோகக் கதைதான். ஆனால் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஏன்?

கூத்தில் கோமாளி வருகிறான். ராஜாவைப் போல மீசையை முறுக்கி நடந்து காட்டுகிறான். அளவுக்கு மேல் மார்பை நிமிர்த்துகிறான். நாம் சிரிக்கிறோம். "ராஜா இப்படி நடக்கமாட்டாரே!" என்று யாராவது கோபித்துக்கொள்கிறோமா? இல்லை. ராஜாவின் மிடுக்கிலேயே கொஞ்சம் வேஷம் இருக்கிறது என்பதைக் கோமாளி காட்டிவிட்டான். அதுதான் சிரிப்புக்குக் காரணம்.

இந்தப் படமும் அதே வேலையைச் செய்கிறது. வேண்டுமென்றே கூட்டிக் காட்டும் இந்த நையாண்டிக்கு அமெரிக்காவில் "கேம்ப்" என்று பெயர். சூசன் சொன்டாக் என்ற எழுத்தாளர் 1964-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அது மிகவும் பேர் பெற்ற கட்டுரை.

எந்த ராஜாவை இந்தக் கோமாளி கேலி செய்கிறான்? அதையும் பார்ப்போம்.

1953-ல் "தி வைல்டு ஒன்" என்ற படம் வந்தது. மார்லன் பிராண்டோ தோல் கோட்டு போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் கோஷ்டித் தலைவனாக நடித்தார். பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் 1967 வரை அந்தப் படத்தைத் திரையிட விடவில்லை! 1955-ல் "ரெபல் வித்தவுட் எ காஸ்" வந்தது. ஜேம்ஸ் டீன் நடித்தது. அதிலும் இளைஞர்களின் உயிரைப் பறிக்கும் கார்ப் பந்தயம் உண்டு. படம் வெளிவரும் முன்பே, 1955 செப்டம்பர் 30-ம் தேதி, ஜேம்ஸ் டீன் கார் விபத்தில் இறந்து போனார். 1957-ல் எல்விஸ் பிரெஸ்லி "ஜெயில்ஹவுஸ் ராக்" படத்தில் சிறைச்சாலையில் ஆடிப் பாடினார்.

தோல் கோட்டு, கார்ப் பந்தயம், சிறைச்சாலை டான்ஸ். மூன்றும் "அழுமூஞ்சி"யில் இருக்கின்றன. முன் வந்த படங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னதை இது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொல்லுகிறது.

"எல்லாம் அதிகம்" என்று சொல்லுகிறவர் பார்த்தது சரிதான். ஆனால் அது கை தவறி விழுந்த உப்பு அல்ல. அளந்து போட்ட உப்பு.

பயந்தவர்கள் யார்?

கதைக்கு 1954-ம் ஆண்டு பொருத்தமானது. அதற்கு ஊசியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது.

அந்த ஆண்டு அமெரிக்கப் பெரியவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைக் கண்டே பயம் பிடித்துவிட்டது. "பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள். காரணம் என்ன?" என்று விசாரிக்க அந்நாட்டு மேல் சபையான செனட்டில் ஒரு குழு இருந்தது. 1954 ஏப்ரலிலும் ஜூனிலும் நியூயார்க்கில் அந்தக் குழு கூடி விசாரணை நடத்தியது.

யாரை விசாரித்தார்கள்? படக்கதைப் புத்தகம் போடுகிறவர்களை! சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் படக்கதைதான் அவர்களைத் திருடர்களாக்குகிறது என்று பேச்சு. பிரெடரிக் வெர்தாம் என்ற மனநோய் டாக்டர் அதே ஆண்டில் அப்படி ஒரு புத்தகம் எழுதினார். விசாரணையிலும் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு படக்கதை முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே கடுமையான தணிக்கை விதிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்த டாக்டரின் பழைய குறிப்புகளைக் கரோல் டில்லி என்ற ஆராய்ச்சிப் பெண்மணி புரட்டிப் பார்த்தார். 2012-ல் தம் முடிவை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னதை டாக்டர் பல இடங்களில் மாற்றியும் கூட்டியும் எழுதியிருந்தார் என்று தெரியவந்தது.

பயம் கண்ணை மறைக்கும். படித்தவர் கண்ணையும் மறைக்கும்.

இந்தப் பயத்தைத்தான் ஜான் வாட்டர்ஸ் கேலி செய்கிறார். பயந்த மனிதர்களைக் கேலி செய்வதைவிட அந்தப் பயத்தையே கேலி செய்கிறார் என்பது கவனிக்கத் தக்கது.

பெற்றோர்களைப் பாருங்கள்!

இரண்டாம் கட்சியார் இந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள். பாட்டுக்காகப் பார்க்கிறவர் உண்டு. ஜானி டெப்புக்காகப் பார்க்கிறவர் உண்டு. ஆனால் பல தடவை பார்த்தவர்கள் சொல்வது வேறு. "சின்னவர்களைவிடப் பெரியவர்களைக் கவனியுங்கள். அங்கேதான் வேடிக்கை" என்கிறார்கள்.

உண்மைதான். அழுமூஞ்சியின் தோழர்களுடைய பெற்றோர்களைப் பாருங்கள். ஒருத்தியின் தாயும் தகப்பனும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகரெட்டு விற்கிறார்கள். தாய் மூச்சுவிட முடியாமல் இரும்புப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். அங்கும் சிகரெட்டை விடவில்லை! இன்னொருவனின் பெற்றோர் பக்தி வெறி தலைக்கேறியவர்கள். வேறொருத்தியின் பெற்றோர் எப்போதும் சிரித்த முகம். மகள் என்ன சொன்னாலும் காதில் விழாது. அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வேறு ஒரு பெண்ணை வரவழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள்!

அந்தச் சிரித்த முகத் தகப்பனாக நடித்தவர் டேவிட் நெல்சன். 1952 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய "ஓஸி அண்டு ஹேரியட்" என்ற குடும்பத் தொடரில் நல்ல மகனாக நடித்தவர். தாயாக நடித்தவர் பாட்டி ஹெர்ஸ்ட். பெரிய பத்திரிகை முதலாளியின் பேத்தி. 1974-ல் தீவிரவாதக் கூட்டத்தாரால் கடத்தப்பட்டு, பிறகு வங்கிக் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர். நல்ல பிள்ளை என்று நாடறிந்தவரும், கொள்ளைக்காரி என்று நாடறிந்தவரும் கணவன் மனைவியாக வந்து பால் வடியும் முகத்தோடு நிற்கிறார்கள். "யார் நல்லவர், யார் கெட்டவர்? முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று டைரக்டர் நம்மைக் கேட்கிறார்.

அழுமூஞ்சியின் பாட்டியும் மாமனும் எப்படி? அழுக்கு உடை. அலங்கோலமான வீடு. ஆனால் பேரன் மேல் உயிர். அவனுடைய சகோதரி பெப்பர் கலியாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள். அவளையும் பிள்ளைகளையும் அந்த வீடு அணைத்துக்கொள்கிறது. ஊரிலேயே அன்பு நிறைந்த வீடு அதுதான்.

கோடாலி முகம்

பார்த்தவர்கள் மிகவும் சண்டை போடும் பாத்திரம் ஒன்று உண்டு. டிரேப் கோஷ்டியில் ஒரு பெண்ணுக்குக் "கோடாலி முகம்" என்று பட்டப் பெயர். கிம் மக்வையர் என்பவர் நடித்தார். முகத்தைக் கோணி, பல்லைக் காட்டி, பார்ப்பவர் பயப்படும்படி வருகிறாள்.

"ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பது தர்மமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் படத்தில் அவள் எப்படி இருக்கிறாள்? தலை குனிந்து மூலையில் அழுகிறாளா? இல்லை. தன் முகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளே அடித்துச் சொல்லுகிறாள். அவளைக் காதலிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கண்ணுக்கு அவள் ரதி. கோஷ்டியில் யாரும் அவளை ஒதுக்கவில்லை.

நாகரிகப் பள்ளியில் படித்தவர்கள் அவளைக் கண்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். போக்கிரிகள் என்று பேர் எடுத்தவர்கள் அவளைத் தோழியாக வைத்திருக்கிறார்கள். சபையில் யார் நாகரிகம் தெரிந்தவர்? வாசகர்களே தீர்ப்புச் சொல்லலாம்.

குறை இல்லையா?

உண்டு. சொல்லாமல் விடக்கூடாது.

1954-ல் பால்டிமோரில் பெரிய மாறுதல் ஒன்று நடந்தது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் தனித் தனிப் பள்ளியில் படித்து வந்தார்கள். அது சட்ட விரோதம் என்று அந்த ஆண்டு மே 17-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. செப்டம்பரிலேயே பால்டிமோர் அந்தத் தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. இவ்வளவு பெரிய சங்கதியை "அழுமூஞ்சி" கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரேப் இளைஞர்கள் ஆடுகிற இசை கறுப்பு மக்கள் தந்த இசை. அதற்குரிய மரியாதை படத்தில் போதுமான அளவு இல்லை.

ஜான் வாட்டர்ஸ் அந்த விஷயம் தெரியாதவர் அல்ல. அவருடைய "ஹேர்ஸ்பிரே" படம் அதையேதான் சொல்லுகிறது. 1962-ல் பால்டிமோர் தொலைக்காட்சி டான்ஸ் நிகழ்ச்சியில் கறுப்பு இளைஞர்களையும் சேர்க்கவேண்டும் என்று போராடும் ஒரு குண்டுப் பெண்ணின் கதை. ஆகவே "ஹேர்ஸ்பிரே"க்கு மனம் கனமானது. "அழுமூஞ்சி"க்குக் கால் வேகமானது என்று ஒப்பிட்டுச் சொல்லுகிறார்கள். ஒப்புக்கொள்ளவேண்டியதுதான்.

நாடகமாக வந்தபோதும் இந்த வித்தியாசம் தெரிந்தது. "ஹேர்ஸ்பிரே" இசை நாடகம் 2002-ல் நியூயார்க் பிராட்வேயில் தொடங்கி 2,642 தடவை நடந்தது. "அழுமூஞ்சி" 2008-ல் அங்கே மேடை ஏறியது. சிறந்த இசை நாடகத்துக்கான டோனி பரிசுப் போட்டியில் இடம் பெற்றது. ஆனால் 68 ஆட்டத்தோடு திரை விழுந்துவிட்டது.

படமும் முதலில் பணம் சேர்க்கவில்லை. அமெரிக்கத் தியேட்டர்களில் வசூலானது சுமார் 80 லட்சம் டாலர்தான். போட்ட பணம் திரும்பவில்லை. ஆனால் வீடியோ வந்த பிறகு கதை மாறியது. தியேட்டருக்குப் போகாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். தோழர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படித்தான் இந்தப் படத்துக்கு ஆயுள் கெட்டியாயிற்று.

இன்னொரு குறை பழைய ரசிகர்கள் சொல்வது. "வாட்டர்ஸ் முன்போலத் திடுக்கிட வைக்கவில்லை. பெரிய கம்பெனிக்குப் படம் எடுத்ததும் சாது ஆகிவிட்டார்" என்பது அவர்கள் வருத்தம். குடும்பத்தோடு பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது வருத்தம் தரும் செய்தி அல்ல!

வீட்டில் பார்க்கலாமா?

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்த சான்று, "13 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் ஜாக்கிரதை" என்பது. அது சரியான சான்று. முத்தக் காட்சிகள் உண்டு. கெட்ட பேச்சு உண்டு. சிகரெட்டு தாராளம். கார்ப் பந்தயத்தை நிஜத்தில் செய்தால் உயிர் போகும். பெப்பருக்கு ஓடுகிற காரில் பிரசவம் ஆவதைத் தமாஷாகக் காட்டுகிறார்கள். பள்ளி வயதில் தாயாவது தமாஷ் அல்ல. ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்தபிறகு பேசலாம். அந்தப் பேச்சுதான் முக்கியம்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அழுமூஞ்சி அல்ல. அல்லிசனும் அல்ல. நாகரிகப் பள்ளி நடத்தும் அந்தப் பாட்டிதான்.

முதலில் பாட்டிக்கு அழுமூஞ்சியைக் கண்டாலே ஆகாது. பேத்தியை அவன் பக்கம் போகவிடமாட்டாள். ஆனால் நீதிமன்றத்தில் அவனை நேரில் பார்க்கிறாள். அவன் நிற்கும் விதத்தைப் பார்க்கிறாள். பேசும் மரியாதையைப் பார்க்கிறாள். பாட்டைக் கேட்கிறாள். தோல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பையன் கண்ணுக்குத் தெரிகிறான். தண்டனையைக் கேட்டு, "இது அநியாயம்!" என்று அவளும் பொங்குகிறாள்.

ஊருக்கெல்லாம் நடை, உடை கற்றுக் கொடுத்தவள் அவள். உடை மட்டும் ஆள் ஆகாது என்று தள்ளாத வயதில் கற்றுக்கொள்கிறாள். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பிள்ளைகள் ஒரு வயதில் தலையை ஒரு மாதிரி வாருவார்கள். சட்டையை ஒரு மாதிரி போடுவார்கள். காது கிழியப் பாட்டு வைப்பார்கள். பெற்றோருக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தில் கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் மறக்கக்கூடாது. "பையன் யாரையாவது அடித்தானா? பொய் சொன்னானா? எளியவரை ஏளனம் செய்தானா?" இவைதான் கேள்விகள். இவற்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், தலைமயிர் பற்றிக் கவலை வேண்டாம். அதை நாலு மாதத்தில் அவனே மாற்றிக்கொள்வான்.

இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால், சட்டை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கவலைப்படத்தான் வேண்டும். பால்ட்வினின் சட்டை வெள்ளைச் சட்டைதான்!

படத்தின் கடைசிக் காட்சியில் எல்லார் கண்ணிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வருகிறது. அழுமூஞ்சிக்கு மட்டும் முதல் தடவையாக இரண்டு கண்ணிலும் வருகிறது. பழைய துக்கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தாய் தந்தையின் பழியைத் தலையில் சுமந்த பையன் அன்றைக்குத்தான் மற்றப் பிள்ளைகளைப் போல மனம்விட்டு அழுகிறான்.

பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கூடும். அபத்தப் படம் என்று சொல்லப்படுவது இந்த இரண்டையும் செய்துவிட்டால், அதைப் பார்த்த நேரம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.